சூடு என்று சொன்ன பதினைந்து வீடுகள்

"தங்கச்சி, நீர் தமிழ்ப் பிள்ளைதானே?"

மரியரஞ்சனி அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது இது. 2002 ஒக்ரோபர். ஒஸ்லோ நகரத்துப் புருசெத்தில் எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், வாளியும் தரை துடைக்கும் தடியுமாக நின்றார். நான் பள்ளிக்கூடப் பையோடு ஏறிக்கொண்டிருந்தேன்.

"ஓம்" என்றேன்.

"நாலாம் மாடி சண்முகலிங்கத்தாற்ற மகளோ?"

"ஓம்."

"பேர்?"

"தக்சிலா."

"நோர்வேஜியன் நல்லா வாசிப்பீரோ?"

"ஓரளவுக்கு."

"ஓரளவுக்கு எண்டால்? வாசிப்பீரோ, மாட்டீரோ?"

"வாசிப்பன்."

"அப்ப அந்தப் படியில இரும். ஈரமில்லை, காஞ்சிட்டுது."

வேலை மேற்சட்டைப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். ஏதோ புத்தகத்தின் பிரதி. சவர்க்காரத் தண்ணீர் பட்டு ஓரம் உப்பியிருந்தது. ஒரு வசனத்தின் கீழே பென்சிலால் மூன்று தரம் கோடிட்டிருந்தார்.

"மூண்டு நாளா இந்தப் படியெல்லாம் ஏறி இறங்கிறன். இந்த ஒரு வசனத்திலயே நிக்கிறன். வாசிச்சுச் சொல்லும்."

வாசித்தேன். இருபது பாகை வெப்பமுள்ள ஓர் அறை, சூடான அறைகளின் கூட்டத்தையும் குளிரான அறைகளின் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் சேர்ந்ததாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு சேர்த்தி என்பதுதான் கேள்வி. அதைத் தமிழில் சொன்னேன்.

"ஒரே நேரத்திலயோ?"

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு."

"பிழையா வாசிக்கேல்லையே?"

"இல்லை."

அக்கா தடியின் நுனியில் நாடியை வைத்து யோசித்தார். "நான் படிச்ச கணக்கில ஒண்டில் உள்ளுக்கை, இல்லாட்டி வெளியில. வாசல்ல நிண்டால் வாத்தியார் அடிப்பார்."

"இதில வாசலுக்கும் நம்பர் இருக்கு" என்றேன். "சூட்டில் 0.6, குளிரில் 0.3 எண்டு போட்டிருக்கு."

"ரெண்டையும் கூட்டினால் ஒண்டு வரேல்லையே?"

"வரத் தேவையில்லை எண்டு அடுத்த வரியில கிடக்கு."

"அட, உமக்குக் கதைக்கவும் தெரியுது" என்று சிரித்தார். பிறகு தாளை மடித்தபடி கேட்டார்: "சனிக்கிழமையில உமக்கு என்ன வேலை?"

"ஒண்டுமில்லை."

"இனி இருக்கு."

இப்படித்தான் நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

அக்காவின் வீடு எங்கள் புளொக்கிலேயே கீழ்மாடியில், ஒற்றை அறையும் ஒரு சின்னக் குசினியும். வாசலில் அவருடைய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் திறக்காத பெட்டி ஒன்று இருந்தது. ஆண்களுக்கான குளிர்காலச் சப்பாத்து, நாற்பத்தொன்று. "முதல் வருசம் மலிவு விற்பனையில வாங்கினது. என்ர மனுசன் வந்து காலை வைக்கேக்கை பனி நிண்டால் என்ன செய்யிறது?" என்றார். அக்கா நோர்வேக்கு வந்தது 1998இல். இது 2002.

அக்கா திருகோணமலைக்காரர். உயர்தரத்தில் கணிதம் படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இரண்டு வருடம் இருந்தவர். கணவர் செபஸ்ரியன் மீனவர். கல்யாணம் முடிந்து பதினொரு மாதத்தில், அக்காவின் தம்பியைத் தேடி வந்த ஆமிக்காரர்கள் தம்பி இல்லாததால் அக்காவைக் கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் செபஸ்ரியன் படகையும் இயந்திரத்தையும் விற்று அவரை அனுப்பிவைத்தார். விற்ற காசு ஒருவருடைய பயணத்துக்குத்தான் போதுமாயிருந்தது. இதையெல்லாம் அக்கா ஒருநாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார், சீவியது நிற்கவில்லை.

நோர்வே அவருக்கு இருக்க அனுமதி கொடுத்தது. கையில் ஒரு பயணப் பத்திரமும் கொடுத்தது. அதில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று எழுதியிருந்தது. அந்த 2002இல் போர்நிறுத்தம், சமாதானம் என்று எல்லாரும் ஊருக்குப் போய் வந்தார்கள். எங்கள் புளொக்கில் மட்டும் ஆறு குடும்பம். கறுத்து, சிரித்து, பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் சுமந்து திரும்பி வந்தவர்கள் படிக்கட்டில் விட்ட மண்ணை அக்கா துடைத்தார்.

அக்கா போக முடியாது. ஆகவே செபஸ்ரியன் வர வேண்டும். அவரைக் கூப்பிட அக்காவுக்கு நிரந்தர முழுநேர வேலை இருக்க வேண்டும். படிக்கட்டுத் துடைப்பது பாதிநேர வேலை. அப்போதுதான் வக்த்மெஸ்தர் டாக்ஃபின், அதாவது எங்கள் ஐந்து புளொக்குகளையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர், தனக்கு அடுத்த ஓகஸ்ட்டில் ஓர் உதவியாளர் எடுக்கப்போவதாகச் சொன்னார். நிலத்தடிச் சூடாக்கி அறை, தண்ணீர்க் குழாய்கள், வால்வுகள் எல்லாம் பார்க்கிற வேலை. தானியங்கிக் கட்டுப்பாட்டில் ஒரு பாடமாவது சித்தியடைந்திருக்க வேண்டும். நகரத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் பின்னேர வகுப்பில் இடம் மிச்சமிருந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஃபஸி தர்க்கத்துக்கும் ஃபஸி கட்டுப்பாட்டுக்கும் ஓர் அறிமுகம்.

"விளங்கித்தான் எடுத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இடம் இருந்துது, எடுத்தன்."

ஆனால் சில வாரங்களிலேயே அக்காவுக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இருபது பாகை என்று ஓர் எல்லை சொல்லிவைத்தால், பத்தொன்பது புள்ளி ஒன்பதில் அது குளிர் என்று சுடுநீர் வால்வை முழுதாகத் திறக்கும், இருபது புள்ளி ஒன்றில் சூடு என்று முழுதாக மூடும். ஃபஸி கட்டுப்பாடு அப்படியில்லை. மனிதர் பேசுகிற சொற்களாலேயே அதற்கு விதி எழுதலாம். வெளியே கடுங்குளிர், உள்ளே கொஞ்சம் குளிர் என்றால் வால்வை நன்றாகத் திற. வெளியே மிதமான குளிர், உள்ளே சூடு என்றால் கொஞ்சம் மூடு. ஒவ்வொரு சொல்லுக்கும் தாளில் ஒரு முக்கோணம். குளிரின் முக்கோணம் சரிந்து வரும் இடத்தில் இதத்தின் முக்கோணம் எழும்பும்; இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வெப்பநிலை வந்தால் பல விதிகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பேசும். அவற்றையெல்லாம் சேர்த்து வருகிற உருவத்தின் ஈர்ப்பு மையம்தான் முடிவு. வால்வு அங்கே நிற்கும்.

ஈர்ப்பு மையம் எனக்கு விளங்கவில்லை. நோர்வேஜிய வசனத்தை நான் தமிழாக்கினேனே தவிர, கணக்கு அக்காவுடையது. அவர் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை வெட்டி, விதிகள் தந்த கோணல் உருவத்தைச் செய்து, பென்சில் முனையில் வைத்தார். ஆடியது, சாய்ந்தது, விழுந்தது. பிறகு ஓர் இடத்தில் நின்றது. "பாரும், எல்லாற்ற பேச்சையும் கேட்டிட்டு ஒரு இடத்தில நிக்குது" என்றார். அந்த அட்டை பென்சிலில் நின்ற அளவு நேரமும் நாங்கள் மூச்சு விடவில்லை.

பயிற்சி வகுப்பை நடத்தியவர் கோபாலகிருஷ்ணன், கோயம்புத்தூர்க்காரர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தவர். அக்காவை அவர் "மேடம்" என்பார். அக்கா அவரை "சேர்" என்பார். இரண்டு பேரும் தமிழில் பேசினாலும் ஒருவர் சொல்வதை மற்றவர் ஒருதரம் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

இறுதி மதிப்பெண் ஓர் ஆய்வறிக்கைக்கு. உண்மையான இடம், உண்மையான அளவீடு. அக்கா எங்கள் புளொக்கையே எடுத்தார். இருபத்துநான்கு வீடுகள். பழைய சூடாக்கல் வெளிக்குளிரை மட்டும் பார்த்து வேலைசெய்தது; ஒரு பக்கத்து வீடுகளில் யன்னலைத் திறந்து வைப்பார்கள், மறுபக்கத்தில் நடுங்குவார்கள். அக்காவின் யோசனை இது: ஜனவரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், தேமோமீற்றரால் அறையை அளந்து, இருப்பவரிடம் இது குளிரோ, இதமோ, சூடோ என்று கேட்பது. அந்தப் பதில்களிலிருந்து முக்கோணங்களை வரைவது. பெப்ரவரியில் இரண்டு கிழமை, டாக்ஃபினின் அனுமதியோடு, அக்காவே கட்டுப்பாட்டுக் கருவி போல நாளுக்கு மூன்று தரம் கணக்குப் பார்த்து வால்வைத் திருப்புவது.

நான் தாளும் பேனையுமாகக் கூடப் போனேன். நோர்வேஜியர் வீடுகளில் பதில் உடனே வந்தது. குளிர். கொஞ்சம் சூடு. படுக்கையறை சூடு, வரவேற்பறை பரவாயில்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த வயதான நோர்வேஜியப் பெண் கால் மணித்தியாலம் பேசினார். தமிழ் வீடுகளில் முதலில் தேத்தண்ணி வந்தது. பிறகு ஒரே பதில்.

"நல்ல சூடு, பிள்ளை."

"பதினெட்டுப் பாகைதான் காட்டுது" என்றார் அக்கா.

"எங்களுக்கு அது காணும். நல்ல சூடு."

பதினைந்து தமிழ் வீடுகள். பதினைந்தும் சூடு. அக்கா மகிழ்ந்துபோனார். "எங்கட சனம் குளிருக்குப் பழகீட்டுது போல" என்றார்.

பதினைந்தில் ஒன்று எங்கள் வீடு. அம்மா, மங்களேஸ்வரி, இரண்டு சோடிக் காலுறையும் அப்பாவின் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "சூடெண்டால் அப்பிடி ஒரு சூடு, வேர்க்குது" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். தேமோமீற்றர் பதினேழரை காட்டியது. 17.5, சூடு என்று நானே என் கையால் எழுதினேன்.

பெப்ரவரி முதல் கிழமை வெளியே கழித்தல் பதினான்கு. அக்கா விடிய ஐந்தரைக்கும், பின்னேரம் மூன்றுக்கும், எட்டுக்கும் சூடாக்கி அறைக்குள் இறங்கினார். கணக்குச் சொன்னபடி வால்வைத் திருப்பினார். மூன்றாம் நாள் மூன்றாம் மாடி நோர்வேஜியப் பெண் டாக்ஃபினுக்குத் தொலைபேசி எடுத்து, தன் வீட்டில் பதினாறு பாகை என்றார். டாக்ஃபின் கீழே வந்தார். கத்துகிற ஆள் அல்ல. வால்வைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"மரியா, உன்னுடைய முறை சொல்வதால்தான் இவ்வளவு மூடியிருக்கிறாயா?"

"ஓம். உள்ளே சூடு என்று அது சொல்கிறது."

"உள்ளே சூடு இல்லை."

"ஆனால் பதில்கள்..."

"சனிக்கிழமை வரை பார்க்கிறேன். அதற்குப் பிறகு பழையபடிதான்" என்றார். ஓகஸ்ட் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் கோபாலகிருஷ்ணன் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தாராம். "மேடம், உங்க டேட்டால பதினேழு டிகிரில எல்லாரும் செம ஹேப்பியா இருக்காங்களே. இது ஆஸ்லோவா, இல்ல சொர்க்கமா?"

"எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொன்னவை, சேர்."

"சொன்னாங்க சரி. பார்த்தீங்களா? போர்வையோட இருந்தாங்களா, சட்டையோட இருந்தாங்களா?"

அக்கா வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் மாடி யோகராணி அக்கா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் வெளியில் போகிற தடித்த ஜக்கெற் போட்டிருந்தார். குசினியில் அடுப்பின் வெதுப்பிக் கதவு திறந்து கிடந்தது; வெறும் வெதுப்பி, உள்ளே ஒன்றுமில்லை, சூடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எங்கையோ வெளிக்கிட்டுப் போறியளோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லையே."

"அப்ப இந்த ஜக்கெற்?"

யோகராணி அக்கா குனிந்து தன்னையே பார்த்தார். "சும்மா."

"வீடு எப்பிடி?"

"நல்ல சூடு."

அக்கா நாற்காலியில் இருந்துவிட்டார். "ராணியக்கா, என்ர கண்ணைப் பாத்துச் சொல்லுங்கோ."

"ஐயோ பிள்ளை, என்னை ஏன் கரைச்சல் படுத்திறீர்? உம்மை ஒஃபிசிலயிருந்து சோதிக்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். குளிர் எண்டு நாங்கள் சொல்லி, நீர் வேலை செய்யேல்லை எண்டு அவங்கள் எழுதி, உம்மட மனுசன் வாறது நிண்டுபோனால் அந்தப் பாவம் ஆருக்கு?"

"ஆர் சொன்னது சோதனை எண்டு?"

யோகராணி அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "இந்தப் பிள்ளையின்ர தாய்தான் ரெலிபோன் எடுத்தவ. ரஞ்சனி வருவா, ஆர் என்ன கேட்டாலும் சூடு எண்டு சொல்லுங்கோ எண்டு. நான் கீழ் வீட்டுக்கு எடுத்தன். அவை பக்கத்து வீட்டுக்கு."

நாங்கள் வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம்.

"உமக்குத் தெரியுமோ?" என்று அக்கா கேட்டார்.

"அம்மா ரெலிபோன் எடுத்தது தெரியாது. வீடு குளிர் எண்டு தெரியும்."

"தெரிஞ்சு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை."

சொல்லிமுடித்ததும் அழுகை வந்தது. அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வேலை போகக்கூடாது எண்டு பதினைஞ்சு வீடு ஒரு மாசமா நடுங்கியிருக்குது" என்றார். "வேலை போகப்போறதே அதாலதான்." பிறகு சிரிப்பு வந்தது அவருக்கு. எனக்கும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

ஒரு கிழமை மேலதிகமாகத் தரும்படி டாக்ஃபினிடம் கேட்க அன்றே போனோம். நடந்ததை நான் நோர்வேஜியனில் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. டாக்ஃபின் கேட்டு முடித்து, "பதினைந்து வீடுமா?" என்றார். பிறகு களஞ்சியத்திலிருந்து மலிவுத் தேமோமீற்றர்கள் ஒரு பெட்டி எடுத்துத் தந்தார்.

இந்தத் தடவை அக்கா யார் கதவையும் தட்டவில்லை. ஒரு தாளில் பத்துச் சென்ரிமீற்றர் கோடு. இடது நுனியில் ஐஸ், வலது நுனியில் நெருப்பு என்று தமிழிலும் நோர்வேஜியனிலும் எழுதினேன். பாகையைப் பார்த்து எழுதுங்கள், கோட்டில் ஒரு புள்ளி வையுங்கள், பெயர் வேண்டாம். எல்லா வீட்டுக் கதவிடுக்கிலும் தேமோமீற்றரோடு தாளைப் போட்டோம். கீழே எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் துளை வெட்டிய சப்பாத்துப் பெட்டி ஒன்றை வைத்தோம்.

இருபத்தொரு தாள் வந்தது. பதினெட்டுப் பாகைக்குப் புள்ளிகள் இரண்டிலும் மூன்றிலும் இருந்தன. ஒரு தாளில் புள்ளி கோட்டுக்கு வெளியே, ஐசுக்கும் இடப்பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் "இது வீடோ, மீன் பெட்டியோ?" என்று தமிழில் எழுதியிருந்தது. அம்மாவின் கையெழுத்து. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆற்றை எண்டு நான் கேக்கேல்லை" என்றார்.

முக்கோணங்கள் வலப்பக்கம் நகர்ந்தன. பெப்ரவரி கடைசிக் கிழமையில் வீடுகள் இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் நின்றன. யன்னல்கள் மூடியிருந்தன. மூன்றாம் மாடிப் பெண் டாக்ஃபினுக்குத் திரும்பவும் தொலைபேசி எடுத்தார், நன்றி சொல்ல.

அறிக்கையை அக்கா எழுதினார், நான் நோர்வேஜியனைத் திருத்தினேன். முதல் பிழையை விட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். "அதுதான் நான் படிச்சது. அதை எடுத்தால் மிச்சம் என்ன?" என்றார். அக்கறை கொண்டவர்கள் தரும் பதிலை நேரடியாக முக்கோணமாக்கக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதினார். கோபாலகிருஷ்ணன் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பெரிய சரி அடையாளம் போட்டிருந்தார்.

ஓகஸ்ட்டில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. சூடாக்கி அறைச் சாவி கிடைத்தது. ஒக்ரோபரில் கணவரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அன்று எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார். யோகராணி அக்காவும் அம்மாவும் சண்டை பிடித்துச் சாப்பிட்டார்கள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பிறப்புச் சான்றிதழும் படங்களும் பொலிஸ் பத்திரமும் செபஸ்ரியன் அண்ணையிடமிருந்து வர வேண்டும். நத்தார் பண்டிகைக்கு வரவில்லை. தைக்கு வரவில்லை. 2004 பங்குனியில் குடிவரவு அலுவலகம் ஒரு கடிதம் போட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வாசித்துச் சொல்ல அக்கா என்னைக் கூப்பிட்டார். ஆவணங்கள் வரவில்லை, விண்ணப்பத்தைத் தொடர விரும்புகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். கீழே இரண்டு சிறு கட்டங்கள். ஆம். இல்லை.

ஞாயிறு மத்தியானம்தான் அவர்கள் பேசுகிற நேரம். திருகோணமலையில் ஒரு தொலைபேசி நிலையத்தில் அண்ணை வந்து காத்திருப்பார். நான் எழும்பினேன். "இரும், ஒளிக்க ஒண்டுமில்லை" என்று சொல்லி அக்கா ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"ஹலோ, நான்."

"சொல்லும். சுகமோ?"

"சுகம். நீங்கள்?"

"நல்லா இருக்கிறன்."

"படம் எடுத்தனீங்களோ?"

"வாற கிழமை எடுப்பன்."

"நாலு மாசமா வாற கிழமை."

"நேரமில்லை ரஞ்சி. சூரை மீன் நல்லாப் படுது. விடியக் கரைக்கு வரேக்கை வள்ளம் தாண்டு போற அளவுக்கு." படத்தைப் பற்றிச் சொன்ன குரல் இல்லை அது. இருபது வயது குறைந்த குரல்.

அக்கா மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். கடித உறையின் பின்னால் ஒரு கோடு கீறினார்.

"ஒரு கோடு கீறினால், ஒரு நுனியில சைபர். இஞ்சை வர விருப்பமே இல்லை. மற்ற நுனியில பத்து. இண்டைக்கே பிளேன் ஏறுறது. நீங்கள் எங்கை புள்ளி வைப்பீங்கள்?"

"உமக்கென்ன விசரோ?"

"படிப்பு. சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன், அழவும் மாட்டன்."

அங்கே ஓட்டோ ஒன்று போகும் சத்தம் கேட்டது. யாரோ எத்தனை நிமிடம் என்று கேட்டார்கள்.

"ஆறு" என்றார்.

"உண்மையோ?"

"ஐஞ்சு எண்டுதான் வாயில வந்தது. உம்மட குரலுக்கு ஒண்டு கூட்டினன்."

"மிச்சம் நாலு?"

"கடல். இத்தினை வருசத்துக்குப் பிறகு இப்பதானே விடுறாங்கள், ரஞ்சி. ஆற்றையோ வள்ளம்தான், ஆனாலும் போறன்."

அக்கா புள்ளியை ஆறில் வைத்தார். "என்னைப் பாக்க எத்தினை?"

"அது பத்து. அதைக் கேக்காதையும்."

பேசி முடித்ததும் அக்கா எழும்பிப்போய்க் குளிர்நீரால் முகத்தைக் கழுவினார். எத்தனை வருடமாக வர விருப்பமோ என்று கேட்டிருப்பார், எத்தனை தரம் ஓம் என்ற பதில் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. மூன்று நாள் அக்கா சூடாக்கி அறையிலேயே இருந்தார், அங்கே மட்டும்தான் வேலை இருந்தது என்றார். அண்ணை பிழைத்தார், வள்ளம் இல்லை. 2006இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது கடலையும் மூடினார்கள். இப்போது கேட்டால் பத்து என்பார் என்று அக்காவுக்குத் தெரியும். "அது பயத்தில வாற பத்து. ஆனால் அதையும் எடுப்பன்" என்று புது விண்ணப்பம் போட்டார். நான் இதை எழுதும் 2008இல் அண்ணை கொழும்பில் ஒரு லொட்ஜில் பொலிஸ் பதிவோடு காத்திருக்கிறார். அக்கா புருசெத்தில் ஐந்து புளொக்குகளையும் இருபது பாகையில் வைத்திருக்கிறார்.

ஆனால் அன்று, 2004 பங்குனியில், இது ஒன்றும் தெரியாது. கடல் அமைதியாக இருந்தது, சூரை பட்டது. இரண்டு கட்டங்களுள்ள அந்தத் தாள் எங்களுக்கு நடுவில் கிடந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அக்கா, நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து, என்னிடம் கேட்டார்:

"தக்சிலா, இதில ஓம் எண்டும் போடாதையும், இல்லை எண்டும் போடாதையும். பின்பக்கத்தில வடிவா நோர்வேஜியன்ல எழுதித் தாரும். என்ர மனுசன் வர விரும்புறார், பத்துக்கு ஆறு. மிச்ச நாலுக்கு ஒரு வருசம் பொறுக்கச் சொல்லும். கெஞ்சிற மாதிரி எழுத வேண்டாம். அவருக்கு விருப்பமில்லை எண்டு அவை நினைக்கிற மாதிரியும் எழுத வேண்டாம்."